இறக்கைக்கு என்ன விலை?



ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை வாசல் பெருக்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். விளக்குக்குக் கீழே முறம் முறமாக ஈசல் இறக்கை கிடக்கும். மழையில் நனைந்து பிய்ந்துவிட்டது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. ஈசலின் ஒவ்வோர் இறக்கையின் அடியிலும் குறுக்காக ஒரு மெல்லிய கோடு உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். முறிவதற்கென்றே அமைந்த கோடு அது. தரையில் இறங்கிய ஈசல் உடம்பை நெளித்து நான்கு இறக்கையையும் தானே உதிர்க்கிறது. பிறகு ஜோடியோடு ஒரு விரிசலைத் தேடி நடந்துவிடுகிறது. தப்பிப் பிழைத்து ராணியாகிவிட்டால் அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும். பறந்தது என்னவோ அந்த ஒரு மாலையில்தான்.

நமக்கு இறக்கை என்றால் ஓர் ஏக்கம். அதனால் ஒரு பூச்சி அதைக் கழற்றி எறிகிறது, அல்லது தலைமுறை தலைமுறையாகச் சுருக்கிச் சுருக்கி இல்லாமலே ஆக்கிக்கொள்கிறது என்றால், ஏதோ தாழ்ந்துபோய்விட்டது போலத் தோன்றுகிறது. பழைய புத்தகங்களில் 'சீரழிவு' என்றே எழுதியிருப்பார்கள். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கத்தான் இன்று வந்திருக்கிறேன். இறக்கைக்கு விலை உண்டு. அந்த விலையை எந்தப் பூச்சி எப்போது கொடுக்க மறுக்கிறது என்பதுதான் பேச்சு. கடைசியில் உங்கள் நெல்வயலுக்கே வந்து சேருவேன். அதுவரை கொஞ்சம் கடல் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே பிரித்து வைத்துவிடுகிறேன். பழைய புத்தகத்தைப் பிரித்தால் வெள்ளியாய் மின்னி ஓடுமே இராமபாணப் பூச்சி, அதற்கு இறக்கை இல்லை. அதன் முன்னோருக்கும் இருந்ததில்லை. பூச்சிகளுக்கு இறக்கை முளைப்பதற்கு முன்பே பிரிந்துபோன கிளை அது. மூட்டைப்பூச்சி, பேன், தெள்ளுப்பூச்சி கதை வேறு. அவற்றின் முன்னோர் பறந்தவை. சாப்பாடு ஓர் உடம்பிலோ ஒரு கட்டிலிலோ நிலையாகக் கிடைத்தபிறகு இறக்கை போய்விட்டது. முடிக்குள்ளும் மெத்தை மடிப்புக்குள்ளும் நுழைய இறக்கை ஓர் இடைஞ்சலும்கூட. இன்று பேசப்போவது இந்த இரண்டாம் வகையைப் பற்றி, இருந்து இழந்தவற்றைப் பற்றி.

இந்தக் கேள்வியை உலகத்தின் முன்னால் வைத்தவர் நுரையீரல் நோயோடு போராடிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயர். தாமஸ் வெர்னன் வொலஸ்டன் என்று பெயர். இங்கிலாந்தின் குளிர் தாங்காமல் 1847 வாக்கில் மதீரா தீவுக்குப் போனார். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில், போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவு. உடம்பைத் தேற்றப் போனவர் கல்லைப் புரட்டிப் புரட்டி வண்டு பொறுக்க ஆரம்பித்துவிட்டார். 1854-இல் அந்தத் தீவின் வண்டுகளைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். அதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: வண்டின் கெட்டியான மேலுறையைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே மடித்து வைத்திருக்கவேண்டிய பின்னிறக்கை இல்லை. அல்லது ஒரு குச்சி மாதிரி, ஒரு திட்டு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை எண்ணிக்கையாக்கிப் புகழ் சேர்த்தவர் டார்வின். 1859-இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 5-ஆம் அத்தியாயத்தில் வொலஸ்டனின் கணக்கு வருகிறது. மதீராவின் 550 வண்டினங்களில் 200 இனங்களால் பறக்க முடியாது. அந்தத் தீவுக்கே உரிய 29 பேரினங்களில் 23-இல் ஒன்றுவிடாமல் எல்லா இனங்களும் அப்படித்தான். டார்வின் சொன்ன காரணம், காற்று. சின்னத் தீவில் அடிக்கடி பறக்கிற வண்டைக் காற்று தூக்கிக் கடலில் போடும். இறக்கை சற்றுக் குறைவாக வளர்ந்ததோ, சோம்பலாகக் கிடந்ததோ பிழைக்கும், குஞ்சு பொரிக்கும். ஆயிரமாயிரம் தலைமுறை இது நடந்தால் தீவு நடக்கிற வண்டுகளால் நிறைந்துவிடும்.

சரி, அதே தீவில் பூவுக்குப் பூ பறந்தே ஆகவேண்டிய வண்டுகளுக்கும் அந்துப்பூச்சிகளுக்கும் என்ன ஆனது? அவற்றின் இறக்கை பெரிதாகியிருந்தது. டார்வின் இதற்கு ஓர் உவமை சொன்னார். கரைக்குப் பக்கத்தில் கப்பல் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் நன்றாக நீந்தத் தெரிந்தால் கரை சேருவான். அரைகுறையாக நீந்துபவன் நீந்தவே தெரியாதவனாக இருந்து, உடைந்த கப்பலையே கட்டிக்கொண்டு கிடந்தால் அவனும் பிழைப்பான். செத்துப்போவது நடுவில் இருப்பவன். எனக்குத் தெரிந்து இயற்கைத் தேர்வை இவ்வளவு சிக்கனமாக விளக்கிய உவமை வேறில்லை.

வொலஸ்டன் 1856-இல் எழுதிய இன்னொரு நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கியிருந்தார். ஆனால் டார்வினின் கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. சான்று அவருடையது, முடிவு இன்னொருவருடையது. அறிவியல் வரலாற்றில் இது அபூர்வமும் அல்ல.

டார்வினின் நெருங்கிய நண்பர் ஜோசப் ஹூக்கருக்கே இந்தக் காற்று விளக்கம் எளிதில் ஜீரணமாகவில்லை. அவர் 1840-இல் கெர்கெலென் தீவுக்குப் போய்வந்தவர். இந்தியப் பெருங்கடலில் தெற்கே, தெற்கே, இன்னும் தெற்கே போனால் அண்டார்க்டிகாவுக்கு முன்னால் தனியாகக் கிடக்கும் மரமே இல்லாத தீவு அது. ஓயாத மேல்காற்று. அங்கே ஓர் அந்துப்பூச்சி இருக்கிறது. இறக்கை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சிறு துண்டுகள். பறக்காது, ஓடும். மாலுமிகள் சொறிகரப்பான் நோய்க்குப் பறித்துத் தின்ற ஒரு காட்டு முட்டைக்கோசு அந்தத் தீவில் வளர்கிறது. அதன் இலை மடிப்புகளில் ஓர் ஈ நடந்து திரிகிறது. ஈ என்றால் இறக்கை என்று நினைப்போம் அல்லவா? இந்த ஈக்கு அது கிடையாது. பார்த்தால் எறும்போ என்று சந்தேகம் வரும்.

காற்றுக் கதையைப் பலமாகக் குலுக்கியவர் அமெரிக்காவின் ஃபிலிப் டார்லிங்டன். தரை வண்டுகளில் அவருக்கு மிஞ்சிய ஆள் அந்தக் காலத்தில் குறைவு. ஆளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் மலேரியா ஒழிப்புப் பிரிவில் நியூகினிக்குப் போனவர், காட்டுக் குட்டையில் தண்ணீர் மாதிரி எடுக்கப்போய் முதலை வாயில் மாட்டினார். அது அவரைக் கவ்விச் சுழற்றி அடியில் கொண்டுபோனது. எப்படியோ உதறிக்கொண்டு கரையேறிய மனிதர், கட்டுப்போட்ட கையோடு, மிச்சமிருந்த இடது கையால் வண்டு பிடித்தார். பூச்சிக்காரர்கள் அப்படித்தான்.

அவர் 1943-இல் எழுதிய கட்டுரையின் சாரம் எளிது. இறக்கையிழந்த தரை வண்டுகள் தீவில் மட்டுமா இருக்கின்றன? கண்டத்தின் நடுவில், உயர்ந்த மலைகளிலும் ஏராளமாக இருக்கின்றனவே! அங்கே தூக்கிப்போடக் கடல் ஏது? அப்படியானால் தீவுக்கும் மலைக்கும் பொதுவானது எது என்று பார்த்தார். இடம் சிறியது, நிலையானது, பூச்சி நெருக்கமாக வாழ்கிறது. அடுத்த ஆண்டும் அதே ஈரம், அதே இரை. இடம் மாறவேண்டிய தேவையில்லை. சமவெளியின் ஆற்றங்கரை வண்டுக்கோ இந்த ஆண்டு இருக்கும் சேறு அடுத்த ஆண்டு இருக்காது, பறந்தாகவேண்டும். ஆகவே 'ஏன் இழந்தது' என்ற கேள்வியைத் திருப்பிப் போட்டு, 'வைத்துக்கொள்ள என்ன தேவை' என்று கேட்கச் சொன்னார். இறக்கை வம்சத்தில் நிலைக்கவேண்டுமானால் அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கவேண்டும்.

டார்வினா, டார்லிங்டனா? 2020-இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்து ரேச்சல் லீஹி, ஸ்டீவன் சௌன் இருவரும் தென்கடல் தீவுகளின் பூச்சிகளை மொத்தமாக எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். உலகளவில் பறக்காத பூச்சியினங்கள் நூற்றுக்கு 5 என்றால், அந்தத் தீவுகளின் சொந்த இனங்களில் ஏறக்குறைய பாதி பறக்காதவை. குளிர், காற்றழுத்தம், இடத்தின் நிலைத்தன்மை என்று எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்ததில் காற்றுதான் முன்னால் நின்றது. ஆனால் அவர்கள் சொல்லும் காற்று டார்வினின் காற்று மட்டுமல்ல. கடலில் தூக்கிப்போடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஓயாத காற்றில் பறப்பதற்கே செலவு கூடிவிடுகிறது. அந்தச் செலவைச் செய்யாத பூச்சி, மிச்சத்தை முட்டையில் போடுகிறது. கிழவர் டார்வின் காரணத்தைச் சரியாகச் சொன்னார், கணக்கின் ஒரு வரியை விட்டுவிட்டார் என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

அந்த விட்டுப்போன வரிதான் முக்கியம். இறக்கை என்று நாம் பார்க்கிற மெல்லிய சவ்வு பெரிய செலவில்லை. செலவெல்லாம் மார்புக்குள் இருக்கிற தசையில். ஒரு பூச்சி தரையைவிட்டு எழும்பவே அதன் உடல் எடையில் சுமார் எட்டில் ஒரு பங்காவது பறக்கும் தசையாக இருக்கவேண்டும். நன்றாகப் பறப்பவற்றுக்கு இன்னும் அதிகம். அந்தத் தசையைக் கட்டவேண்டும், சும்மா இருக்கும்போதும் ஊட்டி வளர்க்கவேண்டும், பறக்கக் கொழுப்பையும் சேர்த்து வைக்கவேண்டும். அமெரிக்காவில் மணற்பாங்கான இடங்களில் வாழும் ஒரு சுவர்க்கோழி இனத்தில் நீள இறக்கை, குட்டை இறக்கை என்று இரண்டு வடிவங்கள் உண்டு. குட்டை இறக்கைப் பெண்ணை அறுத்துப் பார்த்தால் முதிர்ந்த சில நாளிலேயே வயிறு முழுக்க முட்டை. அதே வயது நீள இறக்கைக்காரிக்குச் சூலகம் சுருங்கிக் கிடக்கிறது. சுவையான விஷயம் என்னவென்றால், நீள இறக்கைக்காரிகளில் பலர் பிறகு தங்கள் பறக்கும் தசையைத் தாங்களே கரைத்துவிட்டு முட்டைக்கு மாறுகிறார்கள். இறக்கை வெளியே அப்படியே இருக்கும், உள்ளே எஞ்சின் இருக்காது.

எறும்பு ராணி இதையே இன்னும் துணிச்சலாகச் செய்கிறது. பல எறும்பினங்களில் புது ராணி கலவி முடிந்ததும் இறக்கையைக் கழற்றிவிட்டு மண்ணுக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். முதல் பிள்ளைகள் வளர்ந்து வெளியே போகும்வரை ஒரு பருக்கை சாப்பாடு கிடையாது. பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கிறது? கரைந்துபோன பறக்கும் தசையை.

செலவு முட்டையில் இடிக்கிறது என்பதால் இறக்கை இழப்பதில் பெண்தான் முந்திக்கொள்கிறது. கருவேல மரத்தில் குச்சிகளை அடுக்கிக் கட்டிய விரல் நீளக் கூடு ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு. ஆண் வளர்ந்து இறக்கையோடு வெளியே பறக்கும். பெண்ணோ முதிர்ந்தபிறகும் இறக்கையில்லாத ஒரு முட்டைப்பையாகவே கூட்டுக்குள் கிடக்கும். ஆண் தேடிவந்து சேரும். முட்டையிட்டதும் பெண்ணின் கதை முடிந்தது. பொரிந்த புழுக்கள் நூல்விட்டுத் தொங்கி, காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே இறங்கும். மாவுப்பூச்சியும் அதே வகை: பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. 2008-இல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுவதையும் ஒரு கலக்குக் கலக்கியது. பறக்கத் தெரியாத பூச்சி எப்படி இவ்வளவு தூரம் போனது என்று கேட்டவர்கள் உண்டு. பொரிந்த குஞ்சு காற்றில் போகும், எறும்பின் வாயில் போகும், கூடையில், லாரியில், நம் சட்டையில் போகும். அதை அடக்க 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிக்கோ இறக்கை இருந்தது. தேடிப் போகவேண்டியது அதுதானே!

பட்டுப்பூச்சியைச் சொல்லாமல் விட்டால் காஞ்சிபுரத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதற்கு நான்கு இறக்கையும் முழுசாக உண்டு. படபடவென்று அடிக்கும், எழும்பாது. சீனாவிலும் ஜப்பானிலும் அதன் காட்டு உறவு இன்றும் பறக்கிறது. சுமார் 5000 ஆண்டு தட்டில் வைத்து வளர்த்ததில், பறந்துபோகாததும் பட்டு அதிகம் சுற்றுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டன. மதீராவில் காற்று செய்ததை இங்கே மனிதன் செய்தான்.

போன இறக்கை திரும்பி வருமா? எறும்புகளில் வேலைக்காரிக்கு இறக்கை இல்லை, ராணிக்கு உண்டு, இருவரும் ஒரே தாயின் ஒரே மாதிரி முட்டைகள். 2002-இல் அபூஹைஃப், ரே என்ற இருவர் வேலைக்காரியின் புழுவுக்குள் பார்த்தபோது, இறக்கை கட்டும் மரபணுக்கள் அங்கேயும் வேலையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தப்பட்டிருப்பது தெரிந்தது. அதுவும் ஒவ்வோர் இனத்தில் ஒவ்வோர் இடத்தில். அந்த மரபணுக்களுக்குக் கால் கட்டுவது போன்ற வேறு வேலைகளும் இருப்பதால் அவை எளிதில் அழிவதில்லை. அடுத்த ஆண்டே, குச்சிப்பூச்சிகளில் இழந்த இறக்கை பின்னால் சில கிளைகளில் மீண்டும் வந்திருக்கிறது என்று 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இன்றும் உண்டு. சண்டை சுவாரசியமாக நடந்துகொண்டிருக்கிறது. நான் கட்டுரையின் பக்கம்தான் சாய்கிறேன்.

இழந்ததற்கு அபராதம் கட்டியவையும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்ட் ஹாவ் என்றொரு தீவு. அங்கே கைவிரலைவிடப் பெரிய, கறுத்துப் பளபளக்கும், இறக்கையில்லாத குச்சிப்பூச்சி ஒன்று மரப்பொந்துகளில் கும்பலாக வாழ்ந்தது. 1918-இல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டியது, எலிகள் இறங்கின. இரண்டு மூன்று ஆண்டில் அந்தப் பூச்சி தீவில் இல்லை. எலி இல்லாத உலகத்துக்குப் போட்ட கணக்கு எலி வந்ததும் பொய்த்தது. 2001-இல், அங்கிருந்து 23 கிலோமீட்டரில் கடலுக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு பாறையில், ஒரே ஒரு புதர்க் கூட்டத்துக்கு அடியில், 24 பூச்சிகள் உயிரோடு இருந்தன. இரவில் பாறையேறிப் போய்ப் பார்த்தார்கள். 2003-இல் இரண்டு ஜோடிகளை இறக்கிக்கொண்டுவந்து வளர்த்துதான் இன்று மெல்போர்ன் விலங்குக்காட்சிச்சாலையில் அவை பெருகி நிற்கின்றன.

இப்போது வயலுக்கு வருகிறேன்.

'புகையான் விழுந்துவிட்டது' என்றால் இந்த அரங்கில் பாதிப் பேருக்கு வயிறு கலங்கும். நேற்றுவரை பச்சையாக நின்ற பயிர், நடுவயலில் வட்டம் வட்டமாகத் தீய்ந்து சாய்கிறது. செய்வது நாலு மில்லிமீட்டர் நீளப் பழுப்புத் தத்துப்பூச்சி. இதுவரை சொன்ன வண்டுகளும் ஈக்களும் ஆயிரக்கணக்கான தலைமுறையில் போட்ட கணக்கை, இந்தப் பூச்சி ஒரே தலைமுறைக்குள், அதே மரபணுக்களை வைத்துக்கொண்டே போடுகிறது. ஒரே தாயின் பிள்ளைகள் நீள இறக்கையோடும் வரலாம், குட்டை இறக்கையோடும் வரலாம்.

நடவு முடிந்து சில வாரத்தில் வயலுக்குள் வந்து இறங்குவது நீள இறக்கைக்காரர்கள். காற்றில் வருகிறார்கள். எவ்வளவு தூரம் வருவார்கள் தெரியுமா? 1967-இல் ஜப்பானுக்குத் தெற்கே பசிபிக் கடலில் நின்றுகொண்டிருந்த ஒரு வானிலைக் கப்பலின்மீது நெல் தத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து விழுந்தன. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நெல்லும் இல்லை, நிலமும் இல்லை. ஜப்பானின் குளிர்காலத்தை இந்தப் புகையான் தாங்காது. ஆண்டுதோறும் வியட்நாம், தென்சீனா பக்கத்திலிருந்து பருவக்காற்றில்தான் புதிதாக வருகிறது.

வந்தவள் இலையுறைக்குள் முட்டை வைக்கிறாள். பயிர் இளசு, சாறு ஏராளம், கூட்டம் குறைவு. இந்தப் பிள்ளைகளில் பெண்கள் பெரும்பாலும் குட்டை இறக்கையோடு முதிர்கிறார்கள். இறக்கை முதுகில் பாதியோடு நின்றுவிடும். வயிறு உருண்டு திரண்டிருக்கும். தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டே, நீள இறக்கைக்காரியைவிடச் சில நாள் முன்னதாக முட்டையிடத் தொடங்கிவிடுகிறாள். அந்தச் சில நாள்தான் வட்டி. அடுத்த தலைமுறையில் கூட்டம் பெருத்துவிடும், பயிர் தளரும். அப்போது பிறப்பவர்கள் மறுபடியும் நீள இறக்கையோடு முதிர்ந்து கிளம்பிவிடுவார்கள்.

இந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? 2015-இல் சீனாவின் ஷெஜியாங் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்சுலின்தான் அதற்கும் ஆணை. பூச்சியின் உடம்பில் இன்சுலின் ஏற்பிகள் இரண்டு. ஒன்று வேலை செய்தால் இறக்கை நீளும். மற்றொன்று அதை அடக்கினால் குட்டையாக நின்றுவிடும். பூச்சி ஐந்து முறை தோல் உரித்து முதிர்வதற்குள் இது தீர்மானமாகிவிடுகிறது. 2018-இல் இன்னொரு குழு, முற்றித் தளரும் நெற்பயிரில் குளுக்கோஸ் கூடுகிறது என்றும், அதைக் குடித்து வளரும் இளம் பூச்சிகளில் நீள இறக்கை அதிகமாகிறது என்றும் காட்டியது. பயிர் கிழடாவதைப் பூச்சி நாக்கில் படிக்கிறது.

இதிலிருந்து விவசாயிக்கு என்ன என்று கேட்பீர்கள். விளக்குப் பொறியில் விழுவது நீள இறக்கைக்காரர்கள் மட்டும்தான். அது வந்து இறங்கும் படையைக் காட்டும், கிளம்பும் படையைக் காட்டும். நடுவில் உங்கள் வயலைத் தின்றுகொண்டிருக்கும் குட்டை இறக்கைப் பெண்ணைக் காட்டவே காட்டாது. பொறி காலியாக இருக்கிறது என்று வரப்பிலிருந்தே திரும்பிவிடாதீர்கள். வயலுக்குள் இறங்கி, பயிரை இரண்டு கையால் விலக்கி, குத்தை அடியில் தட்டித் தண்ணீரில் என்ன விழுகிறது என்று பாருங்கள். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடச் சொல்வது அந்த அடித்தூருக்கு வெயிலும் காற்றும் போகட்டும் என்றுதான். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் அவளுக்கு விருந்து வைத்ததாகும். முதிர்ந்த பூச்சிகள் எல்லாம் நீள இறக்கையாகவே தெரிய ஆரம்பித்துவிட்டால், உங்கள் வயலில் நடக்கவேண்டியது நடந்து முடிந்துவிட்டது. உடனே பின்னால் நட்ட பக்கத்து வயல்காரரிடம் சொல்லுங்கள். பூச்சியை எண்ணும்போது சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள். சிலந்தியே இல்லாவிட்டால் தூருக்கு ஒரு பூச்சி வந்ததும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகளுக்குப் போவோம்.